தீர்ப்பு சொல்லாமல் இருண்ட திரை

2007 ஜூன் 10, ஞாயிறு இரவு. அமெரிக்காவின் எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் ‘தி சோப்ரானோஸ்’ தொடரின் 86ஆவது அத்தியாயம், கடைசி அத்தியாயம், முடியப்போகிறது. நியூஜெர்சி மாஃபியா கும்பலின் தலைவன் டோனி சோப்ரானோ ஒரு சிறிய உணவகத்தில் குடும்பத்துக்காகக் காத்திருக்கிறான். மேசையில் இருக்கும் பாட்டுப்பெட்டியில் ‘ஜர்னி’ இசைக்குழுவின் பழைய பாட்டு ஒன்றைப் போடுகிறான். மனைவி கார்மெலா வந்து எதிரே உட்காருகிறாள். பின்னாலேயே மகன் ஏ.ஜே. வருகிறான். பொரித்த வெங்காய வளையங்கள் மேசைக்கு வருகின்றன. கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஓர் ஆள் எழுந்து கழிவறைக்குப் போகிறான். வெளியே மகள் மெடோ காரை ஓரமாக நிறுத்த முடியாமல் திண்டாடி, ஒருவழியாக நிறுத்திவிட்டு ஓடி வருகிறாள். கதவின் மணி ஒலிக்கிறது. டோனி நிமிர்ந்து பார்க்கிறான். அந்தக் கணத்தில் பாட்டு அறுந்து திரை இருள்கிறது. சுமார் பத்து நொடிகளுக்குப் படமும் இல்லை, ஒலியும் இல்லை. அதன்பின் பெயர்ப்பட்டியல் ஓடுகிறது, அதுவும் இசை இல்லாமல்.

அன்றிரவு அதைப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 19 லட்சம் பேர். கேபிள் இணைப்பு போய்விட்டது என்றுதான் அவர்களில் மிகப் பலர் முதலில் நினைத்தார்கள். பெயர்கள் ஓடத் தொடங்கிய பிறகே, கோளாறு எதுவும் இல்லை, இதுதான் முடிவு என்று விளங்கியது. குழப்பம் கோபமாக மாறியது. எச்.பி.ஓ.வின் இணையதளம் வந்து குவிந்தவர்களின் பாரம் தாங்காமல் முடங்கியது. டோனி செத்தானா, பிழைத்தானா என்ற கேள்வி நாடெங்கும் பரவியது. ஒன்பது நாள் கழித்து, ஜனாதிபதி வேட்பாளராக முயன்றுகொண்டிருந்த ஹிலாரி கிளின்டன், தம் பிரசாரப் பாடலை அறிவிக்க அந்த உணவகக் காட்சியைப் போலவே கணவர் பில் கிளின்டனுடன் நடித்து ஒரு காணொளி வெளியிட்டார். விளக்கம் ஏதும் இல்லாமலே எல்லோருக்கும் அது புரிந்தது. அந்த அளவுக்கு ஊர் முழுக்க அதே பேச்சு.

கதையை எழுதி இயக்கிய டேவிட் சேஸ் ரசிகர்களை ஏமாற்றிவிட்டார் என்றது ஒரு தரப்பு. கலை புரியாதவர்கள் கூச்சல் போடுகிறார்கள் என்றது இன்னொரு தரப்பு. அந்தக் கோபத்துக்குள் என்ன இருந்தது என்று இரு தரப்பும் பொறுமையாகப் பார்க்கவில்லை. ரசிகர்கள் கேட்டது ஒரு கதைக்கு முடிவு என்பதோடு நிற்கவில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு தீர்ப்பு. எட்டு ஆண்டுகள் ஒரு கொலைகாரனை ஞாயிறுதோறும் வீட்டுக்குள் அழைத்து, அவன் நகைச்சுவைக்குச் சிரித்து, அவன் கண்ணீருக்கு இரங்கி, அவன் எதிரிகள் செத்தபோது நிம்மதியடைந்தவர்கள் அவர்கள். கடைசியில் யாராவது அவனைத் தண்டித்துவிட்டால் அந்தக் கணக்கு நேராகிவிடும். சேஸ் அந்த வசதியைத் தரவில்லை. அதைத் தராததுதான் அந்தத் தொடர் தன் பார்வையாளர்களிடம் காட்டிய மிகப் பெரிய நேர்மை என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

குற்றவாளி கடைசியில் வீழ வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பார்வையாளரின் மனத்தில் தானாக முளைத்தது மட்டும் இல்லை. அமெரிக்கத் திரையில் அது நெடுங்காலம் சட்டம் போலவே இருந்தது. 1930இல் எழுதப்பட்டு 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்த ஹாலிவுட்டின் தயாரிப்பு நெறிமுறை, குற்றத்தின் மேல் பார்வையாளருக்கு அனுதாபம் பிறக்கக் கூடாது என்றது. 1968இல் வேறு முறை வரும்வரை அது நீடித்தது. அது கண்டிப்பாவதற்கு முன்பே 1932இல் வந்த ‘ஸ்கார்ஃபேஸ்’ படம் தணிக்கையாளர்களிடம் சிக்கியபோது, கும்பல் தலைவன் நீதிமன்றத்தில் நின்று தூக்கிலேறும் மாற்று முடிவு ஒன்றையே எடுக்க வேண்டிவந்தது. 1931இல் ஜேம்ஸ் கேக்னி நடித்த ‘தி பப்ளிக் எனிமி’ படம், கட்டப்பட்ட பிணமாக நாயகன் தாயின் வீட்டு வாசலில் வந்து விழுவதோடு முடியும். சேஸைச் சிறுவயதிலேயே உலுக்கிய படம் அது. ‘சோப்ரானோஸ்’ மூன்றாம் பருவத்தில், தாய் இறந்த நாட்களில், டோனி அந்தப் படத்தைப் பார்த்துக் கண்கலங்குகிறான். பழைய வழக்கப்படி ஒரு குற்றக் கதை எப்படி முடிய வேண்டும் என்பது சேஸுக்கு நன்றாகவே தெரியும்.

தொலைக்காட்சியிலும் அதே பசிதான். ஏ.பி.சி.யில் 1963 முதல் நான்கு ஆண்டுகள் ஓடிய ‘தி ஃப்யூஜிட்டிவ்’ தொடரில், செய்யாத கொலைக்காகத் தண்டிக்கப்பட்ட டாக்டர் ரிச்சர்ட் கிம்பிள் உண்மைக் கொலையாளியான ஒற்றைக்கை மனிதனைத் தேடி ஓடிக்கொண்டே இருந்தார். 1967 ஆகஸ்ட் 29 அன்று அதன் கடைசிப் பகுதியைப் பார்த்தவர்கள் சுமார் 7 கோடியே 80 லட்சம் பேர். அன்று ஒற்றைக்கை மனிதன் செத்தான், கிம்பிள் விடுதலையானார், நாடு நிம்மதியாகத் தூங்கப் போனது. அங்கே பார்வையாளருக்குச் சங்கடமே இல்லை, ஏனென்றால் அவர்கள் நேசித்தது ஒரு நிரபராதியை. 1999 ஜனவரியில் தொடங்கிய ‘சோப்ரானோஸ்’ அந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியது. ஜேம்ஸ் காண்டோல்ஃபினி நடித்த டோனி பதற்ற நோயால் மயங்கி விழுந்து மனநல மருத்துவரிடம் போகிறான். தாயால் காயப்பட்டவன், பிள்ளைகள் மேல் பாசமுள்ளவன். அடிப்பதும் கொல்வதும் அவன் தொழில். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருந்தன. ரசிகர்கள் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் பாதியைப் பொறுத்துக்கொண்டார்கள்.

இந்தப் பொறுத்துக்கொள்ளலை சேஸ் தொடக்கத்திலேயே சோதித்துப் பார்த்தார். முதல் பருவத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில், மகளுக்குக் கல்லூரி பார்க்க மெய்ன் மாநிலத்துக்குப் போகும் டோனி, அங்கே மறைந்து வாழும் ஒரு பழைய காட்டிக்கொடுத்தவனைக் கண்டு கழுத்தை நெரித்துக் கொல்கிறான். நாயகன் தன் கையாலேயே இப்படிச் செய்தால் பார்வையாளர்கள் வெறுத்து ஒதுங்கிவிடுவார்கள் என்று எச்.பி.ஓ. பொறுப்பாளர் கிறிஸ் ஆல்பிரெக்ட் அஞ்சினார். கொல்லாமல் விட்டால்தான் அவனை ஒரு மாஃபியா தலைவனாக எவரும் நம்ப மாட்டார்கள் என்று சேஸ் நின்றார். காட்சி ஒளிபரப்பானது. பார்வையாளர்கள் போகவில்லை, பெருகினார்கள். விளம்பரதாரர்களை நம்பாமல் சந்தாவை நம்பி நடக்கும் நிறுவனமாக எச்.பி.ஓ. இருந்ததால் அந்தத் துணிச்சல் சாத்தியமானது. ஆனால் அதில் வெளிப்பட்ட உண்மை பார்வையாளரைப் பற்றியது. கண்ணெதிரே ஒரு கொலையைப் பார்த்த பிறகும் அவர்கள் அவன் பக்கமே நின்றார்கள்.

இரண்டு ஆண்டு கழித்து வந்த சோதனை இன்னும் கடுமையானது. டோனியின் மருத்துவர் ஜெனிஃபர் மெல்ஃபி பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிறார். பிடிபட்டவன் காவல்துறையின் நடைமுறைத் தவறால் வெளியே வந்துவிடுகிறான். டோனியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தக் குற்றவாளியின் கதை முடிந்துவிடும். பார்க்கும் ஒவ்வொருவரின் மனமும் சொல் சொல் என்று தவிக்கிறது. மெல்ஃபி சொல்லவில்லை. அந்த மறுப்போடு அத்தியாயம் முடிகிறது. பழிவாங்கும் இன்பத்தைப் பார்வையாளரின் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு எடுத்துக்கொண்ட அந்த முடிவுக்கும் கடைசி இருளுக்கும் அடியில் ஒரே கொள்கைதான். அதே பருவத்தில் பனிக்காட்டில் டோனியின் ஆட்களிடமிருந்து தப்பியோடிய ரஷ்யன் ஒருவன் என்ன ஆனான் என்பதையும் தொடர் சொல்லவே இல்லை. தொடர் ஓடிய ஆண்டுகளில் ரசிகர்கள் கேட்டும் சேஸ் அதைக் கதைக்குள் கொண்டுவரவில்லை. ஆக, 2007இல் நடந்தது திடீர்த் துரோகம் என்று சொல்வதற்கு இடமில்லை. தொடர் எப்படிப்பட்டது என்பதை அது முன்பே பலமுறை காட்டியிருந்தது.

கடைசிப் பருவம் வந்தபோது, டோனியை நேசிப்பதற்கான காரணங்களை சேஸ் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். முடிவுக்கு நான்கு வாரம் முன்பு, கார் விபத்தில் சிக்கி உயிருக்குப் போராடும் கிறிஸ்டஃபரின் மூக்கைப் பொத்தி டோனி கொல்கிறான். மகன்போல் வளர்த்தவனைக் கொன்றுவிட்டு அவன் உணர்வது பாரம் இறங்கிய நிம்மதியை. கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில், இப்படிப்பட்டவர்களுக்குப் பேச்சு வழிச் சிகிச்சை திருந்த உதவாது, குற்றத்தையே கூர்மையாக்கும் என்ற ஆய்வை மெல்ஃபி படிக்கிறார். யோசெல்சன், சாமெனோ ஆகிய இருவர் உண்மையாகவே செய்த ஆய்வு அது. அதைப் படித்தபின் அவர் டோனியை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துகிறார். தொடர் முழுவதும் பார்வையாளரின் இடத்தில் அமர்ந்திருந்தவர் மெல்ஃபி. அவரும் எதிரே உட்கார்ந்து கேட்டார், ஈர்க்கப்பட்டார், சாக்குச் சொல்லிக்கொண்டார். ஆனால் கடைசியில் தாமே எழுந்து தாமே முடித்தார். பார்வையாளர்களோ அந்த வேலையை வேறொருவன் துப்பாக்கி செய்யட்டும் என்று அடுத்த ஞாயிறுக்காகக் காத்திருந்தார்கள்.

அந்த ஞாயிறு அவர்கள் கேட்டது கிடைக்கவே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. டோனியின் எதிரி ஃபில் லியோடார்டோ பெட்ரோல் நிலையத்தில், மனைவியும் பேரக்குழந்தைகளும் பார்த்திருக்கச் சுடப்படுகிறான். உருண்டு வரும் அவனுடைய சொந்த வண்டியே அவன் தலைமேல் ஏறுகிறது. ஒரு மாஃபியா தலைவன் ரத்தத்தில் சாய்வதைக் காண வேண்டும் என்ற ஆசை அங்கே மிச்சமில்லாமல் நிறைவேற்றப்படுகிறது. அதை நேரில் காணும் வழிப்போக்கன் ஒருவன் வாந்தி எடுக்கிறான். அதே அத்தியாயத்தில், டோனியை ஆண்டுக்கணக்கில் துரத்திய எஃப்.பி.ஐ. அதிகாரி ஹாரிஸ், ஃபில் செத்த செய்தி கேட்டு நம் பக்கம் ஜெயிக்கப்போகிறது என்று குதூகலிக்கிறார். சட்டத்தின் காவலர் ஒரு கும்பலின் ரசிகராகிவிட்ட அந்தச் சின்னக் காட்சியில், தொலைக்காட்சிக்கு முன் உட்கார்ந்திருந்தவர்கள் தங்களையே பார்த்திருக்கலாம்.

இதற்கு எழும் முதல் மறுப்பு நியாயமானது. எட்டு ஆண்டு நேரத்தையும் அன்பையும் சந்தாவையும் கொடுத்தவர்களுக்குக் கதையை முடித்துத் தருவது கதைசொல்லியின் கடமை இல்லையா? கடமைதான். சேஸ் அந்தக் கடமையைத் தட்டிக்கழிக்கவில்லை. கும்பல்களுக்கு இடையிலான சண்டை முடிந்துவிட்டது. டோனியின் ஆட்களில் பாபி செத்துவிட்டான், சில்வியோ நினைவின்றிக் கிடக்கிறான். டோனியைச் சுட்ட பெரியப்பா ஜூனியர், தான் ஒருகாலத்தில் யாராக இருந்தோம் என்பதையே மறந்து காப்பகத்தில் உட்கார்ந்திருக்கிறார். தற்கொலைக்கு முயன்ற மகன், அப்பாவின் பணத்தால் கிடைத்த சொகுசு வேலையில் ஒதுங்குகிறான். கும்பலில் ஒருவன் அரசுத் தரப்புச் சாட்சியாகிவிட்டான். வழக்குப் பதிவாக 80 முதல் 90 சதவீத வாய்ப்பு உண்டு என்று வக்கீல் சொல்லிவிட்டார். அந்த வாழ்க்கை எங்கே கொண்டுபோய்விடும் என்பது முழுதாகச் சொல்லப்பட்டுவிட்டது. விடுபட்டது ஒரே ஒரு கணம். அந்த ஒரு கணத்துக்காக எழுந்த கோபத்தின் அளவே, மற்ற எதையும்விட அதற்காகத்தான் எல்லோரும் காத்திருந்தார்கள் என்பதைக் காட்டிவிடுகிறது.

இரண்டாவது மறுப்பு, முடிவெடுக்கத் துணிவில்லாதவர் இருட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார் என்பது. காட்சி அமைந்திருக்கும் விதத்தைக் கவனித்தால் இந்தக் குற்றச்சாட்டு நிற்காது. கதவு மணி ஒலிக்கிறது, டோனி நிமிர்கிறான், அவன் பார்ப்பது நமக்குத் தெரிகிறது. இந்த வரிசை அந்தக் காட்சியில் திரும்பத் திரும்ப வருகிறது. கடைசி முறை மணி ஒலிக்கிறது, டோனி நிமிர்கிறான், நமக்குத் தெரிவது இருள். கடைசிப் பருவத்தின் இரண்டாம் பாதியைத் தொடங்கிய அத்தியாயத்தில் படகில் உட்கார்ந்திருக்கும்போது, சாவு வரும்போது அதன் சத்தம்கூடக் காதில் விழாது போலிருக்கிறது என்று பாபி டோனியிடம் சொல்லியிருக்கிறான். பாபி செத்த இரவில் அந்தப் பேச்சு டோனியின் நினைவில் மறுபடி வருகிறது. சேஸ் முதலில் பெயர்ப்பட்டியலே இல்லாமல் இருளை நீட்டிக்க விரும்பினார். இயக்குநர்கள் சங்கம் விலக்கு அளிக்கவில்லை. பல ஆண்டுகள் விளக்கம் சொல்ல மறுத்தவர், 2021இல் ஒரு நேர்காணலில், டோனி அப்படிப்பட்ட ஒரு சாதாரண உணவகத்தில் சாக வேண்டும் என்று வெகு முன்பே தோன்றியதாக ஒப்புக்கொண்டார். அவன் சாவைக் கண்ணால் காண அத்தனை பேர் துடித்தது தம்மை வருத்தியதாகவும் சொன்னார். அப்படியானால் தண்டனை கிடைத்திருக்கலாம். அதை உட்கார்ந்து ரசிப்பதற்கான இருக்கை மட்டும்தான் கிடைக்கவில்லை.

குற்றவாளி தண்டிக்கப்பட வேண்டும் என்று விரும்புவதில் என்ன தவறு என்பது மூன்றாவது மறுப்பு. நீதிக்கான ஆசை மனிதரின் நல்ல குணங்களில் ஒன்று. அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் நீதி கேட்பவர் முதலில் நினைப்பது பாதிக்கப்பட்டவரை. காட்டுக்குள் கூட்டிச்சென்று சுடப்பட்ட ஏட்ரியானா, மெய்னில் செத்தவன், கடன்பட்டுக் கடையை இழந்த பழைய நண்பன் என்று டோனியின் வழியில் நாசமானவர்கள் ஏராளம். ஜூன் 10 இரவின் கூச்சலில் இவர்கள் பெயர் பெரிதாக அடிபடவில்லை. டோனி இருக்கிறானா, போய்விட்டானா என்பது ஒன்றே கேள்வி. தாங்கள் விரும்பிய ஒருவனின் கடைசிக் காட்சி பெரிதாக இருக்க வேண்டும் என்ற ஆசையும், அவனை விரும்பிய குற்ற உணர்வு தீர வேண்டும் என்ற ஆசையும் அதில் கலந்திருந்தன. ரத்தம் சிந்தி அவன் விழுந்திருந்தால் இரண்டும் ஒரே குண்டில் நிறைவேறியிருக்கும். பாதிக்கப்பட்டவர்களுக்கு அதனால் எதுவும் கிடைத்திருக்காது.

முழுமையாக முடித்துக் காட்டிய தொடரும் இருக்கிறதே என்று ‘பிரேக்கிங் பேட்’ தொடரைக் காட்டுவோர் உண்டு. 2013 செப்டம்பர் 29 அன்று அதன் கடைசி அத்தியாயத்தை 1 கோடிக்கு மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். பெரும்பாலோர் மனம் நிறைந்து எழுந்தார்கள். போதைப்பொருள் தயாரித்த வேதியியல் ஆசிரியர் வால்டர் வைட் அதில் சாகிறார். எல்லாவற்றையும் எனக்காகவே செய்தேன் என்று மனைவியிடம் ஒப்புக்கொள்ளும் காட்சி அத்தொடரின் உயரங்களில் ஒன்று. ஆனாலும் அவர் மகனுக்குப் பணம் சேர வழிசெய்து, தம்மைவிடக் கொடியவர்களைக் கொன்று, அடைபட்டிருந்த சீடனை மீட்டு, தாம் நேசித்த ஆய்வுக்கருவிகளுக்கு நடுவே சாகிறார். அது ஒரு வீரனின் சாவு. அதற்கு ஒரு மாதம் முன்பு, அவர் மனைவி ஸ்கைலராக நடித்த அன்னா கன், கணவனின் குற்றங்களுக்குக் குறுக்கே நின்ற ஒரே காரணத்துக்காக அந்தப் பாத்திரத்தின் மீதும் தம் மீதும் கொட்டப்பட்ட வெறுப்பைப் பற்றி ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் எழுத வேண்டியிருந்தது. நேர்த்தியான முடிவு அந்த ரசிகர்களிடம் எதையும் கேட்கவில்லை. அதனால்தான் அது இனித்தது.

காலம் சேஸின் பக்கம் நகர்ந்திருக்கிறது. அதே 2007இல் சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருது ‘சோப்ரானோஸ்’ தொடருக்கும், எழுத்துக்கான எம்மி அந்தக் கடைசி அத்தியாயத்துக்கும் கிடைத்தன. காண்டோல்ஃபினி 2013 ஜூனில் தமது 51ஆம் வயதில் ரோம் நகரில் இறந்துவிட்டார். ஆனால் அவர் நிமிர்ந்து பார்த்த அந்தக் கடைசிப் பார்வையைப் பற்றிய பேச்சு அடங்கவில்லை. புளூம்ஃபீல்டு ஊரில் இருக்கும் ஹோல்ஸ்டன்ஸ் என்ற அந்த உணவகத்தில் டோனி குடும்பம் உட்கார்ந்த மேசையும் இருக்கைகளும் 2024இல் 82,600 டாலருக்கு ஏலம் போயின. அன்று கோபப்பட்டவர்களில் பலர் இன்று அதைத் தொலைக்காட்சி வரலாற்றின் தலைசிறந்த முடிவுகளில் ஒன்றாகச் சொல்கிறார்கள். முதல் பார்வையில் தாங்கள் தேடியது வேறு என்பது அவர்களுக்கு மறுபார்வையில் புலப்பட்டிருக்கிறது.

குற்றக் கதைகளை ரசிப்பது குற்றம் இல்லை. மனிதன் எவ்வளவு எளிதாகத் தீமையோடு சமாதானம் செய்துகொள்கிறான் என்பதைப் பாதுகாப்பான தூரத்தில் இருந்து பார்க்க அவை உதவுகின்றன. நல்ல குற்றக் கதை அந்தச் சமாதானத்தைப் பார்ப்பவரிடமும் கண்டுபிடிக்கும். எனவே, ஒரு தொடரின் முடிவு மனத்தை உறுத்தும்போது எழுதியவரைத் திட்டுவதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கதையில் எது குறைந்தது, அல்லது நான் எதைக் கேட்டு அது கிடைக்காமல் போயிற்று? டோனி சோப்ரானோ யார் என்பதை 86 அத்தியாயங்கள் ஒளிக்காமல் காட்டின. அவனைப் பற்றி முடிவு செய்யத் தேவையான சாட்சியம் முழுவதும் பார்வையாளர் கையில் இருந்தது. அதற்கு மேலும் ஒரு துப்பாக்கிக் குண்டு வந்துதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்றால், அந்தக் குறை கதையுடையது ஆகாது.